மண்டபம் பிடிக்க முந்தி

அன்பின் அக்காவுக்கு,

நான் மூதூர், டீச்சிங்ல இருக்கிறன். கனகாலமா எழுதிக்கொண்டு வந்த நாவல ஒருமாதிரி முடிச்சிட்டன். ரெண்டு பதிப்பகத்துக்கு அனுப்பினன், பதிலே இல்ல. அதால சொந்தக் காசில 500 பிரதி அடிக்கிறதா முடிவு. தை மாசம் டவுனில வெளியீடு, மண்டபத்துக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு. இங்கிலீஷில எழுதிற எங்கட ஷெஹான் கருணாதிலக்கவும் முதல் நாவல தானே அச்சடிச்சவர்தானே, புக்கர் பரிசு வரைக்கும் போயிட்டார், எங்களால ஏன் ஏலாது? திருகோணமலையில இருந்து எழுதினா கொழும்பும் யாழ்ப்பாணமும் திரும்பியும் பாக்காது எண்டு சொல்லுறாங்க, உண்மையா? ஆரைப் பிரதம விருந்தினரா கூப்பிட்டா புத்தகம் பேசப்படும்? கிண்டிலில போடலாமா? சாகித்திய விருதுக்கு அனுப்பலாமா? முதல் மூண்டு அத்தியாயம் இதோட வருது, நேரம் கிடைச்சா பாருங்க.

இப்படிக்கு, மூதூரில இருந்து ஒரு வாசகர்.

*

அன்புள்ள தம்பி,

நேரம் கிடைச்சா பாருங்க எண்டு ஆகக் கடைசியில எழுதியிருக்கிறீங்க. அதத்தான் நீங்க முதல் வரியா எழுதியிருக்கோணும். மண்டபம், விருந்தினர், விருது எல்லாம் கேட்டு முடிச்சுப்போட்டு போற போக்கில கதையக் கையில தாறீங்க. எனக்கு அது நெஞ்சில தைச்சுப்போட்டுது, ஏனெண்டா போன மாசம் இங்க ஒரு வெளியீட்டில இருந்திட்டு வந்த நாளில இருந்து இதையேதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, நயவுரை எல்லாம் நடந்துது, முதற்பிரதி வாங்கினவர் என்வலப்ப நீட்டிப் படமும் எடுத்தாச்சு, ஆனா பேசின ஆக்களில ஒருத்தருக்கும் கதையில வாற பெட்டைக்கு என்ன நடந்தது எண்டு தெரியாது. நயவுரை செய்தவருக்குப் புத்தகம் முதல்நாள் இரவுதான் கையில கிடைச்சதாம். எழுதின பிள்ளை முன்வரிசையில குந்தியிருந்து ஒவ்வொரு முகமா பாத்துக்கொண்டிருந்துது. எனக்கு அந்தப் பிள்ளைய ஏறிட்டுப் பாக்க ஏலாமப் போச்சு.

கிண்டிலில போடுறதெண்டா போடுங்க, வெளிநாட்டில இருக்கிற எங்கட சனத்துக்கு அது வசதிதான். தேசிய நூலக சபையில ஐஎஸ்பிஎன் எடுங்க, விருதுக்கும் அனுப்புங்க, தடையில்ல. பிரதம விருந்தினரப் பத்தி என்னட்டக் கேக்காதீங்க.

திருகோணமலையில இருந்து எழுதினா ஆர் பாப்பினம் எண்டு கேட்டதுக்கு மட்டும் கோபம் வந்திட்டுது. தம்பி, ஈழத்தில நாவல் எண்ட ஒண்டே தவழத் தொடங்கின காலத்தில, 1891இல, திருகோணமலை இன்னாசித்தம்பி ‘ஊசோன் பாலந்தை கதை’ய எழுதி வெளியிட்டுட்டார், மேல்நாட்டுக் கதையத் தழுவினது எண்டாலும் இந்த ஊர் ஆள் செய்த வேலை. 1895இல இந்த ஊர் சரவணமுத்துப்பிள்ளையின்ர ‘மோகனாங்கி’ சென்னையில அச்சாகி வந்துது, தமிழில வந்த முதல் வரலாற்று நாவல் எண்டு அதைத்தான் சொல்லுறாங்க. பிறகு உங்கட மூதூரிலேயே வ.அ. இராசரத்தினம் மாஸ்டர் இருந்தார், ‘தோணி’க்கு சாகித்திய மண்டலப் பரிசு வாங்கின மனுசன், கொட்டியாரக் கடலும் வயலும் அவற்ற எழுத்தில அப்பிடியே கிடக்கு. நீங்க மூதூரில இருந்துகொண்டு ஊர் சின்னன் எண்டு அழுறீங்க. இனி இந்தக் கதைய என்னட்டச் சொல்லக்கூடாது.

இப்ப ஷெஹானுக்கு வாறன். எல்லாரும் இந்த ஒரு கதையத்தான் தூக்கிக்கொண்டு திரியிறாங்க, அரைவாசியத்தான் சொல்லுறாங்க. அவற்ற முதல் நாவல் ‘சைனாமன்’ 2010இல சொந்தச் செலவில வந்தது உண்மை, படங்கள் கூட சகோதரர்தான் கீறினவர். ஆனா அது அச்சுக்குப் போக முந்தியே, கையெழுத்துப் பிரதியா இருக்கேக்கயே, 2008ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசு கிடைச்சிட்டுது. எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி தன்ர புக்கர் காசில 1992இல தாய்ர குடும்பப் பேரில தொடங்கின பரிசு அது, இங்கிலீஷில எழுதிற ஆக்களுக்கு மட்டும்தான், ஆனா அச்சாகாத பிரதியையும் எடுப்பாங்க. அப்ப என்ன நடந்திருக்கு? வேற ஆக்கள், அவருக்குச் சொந்தமும் இல்லாத ஆக்கள், முழுசா வாசிச்சு மத்த பிரதிகளோட வச்சுப் பாத்திருக்கிறாங்க. அதுக்குப் பிறகுதான் அச்சு. பிறகு 2011இல லண்டனில வெளியீடு, 2012இல கொமன்வெல்த் பரிசு.

புக்கர் எடுத்த நாவலின்ர கதை இதவிட முக்கியம், அதை ஒருத்தரும் சொல்லுறேல்ல. அது 2020இல இந்தியாவில ‘சாட்ஸ் வித் த டெட்’ எண்ட பேரில ஏற்கெனவே வந்த நாவல். பெரிய பதிப்பகம்தான் போட்டது. எண்டாலும் வெளிநாட்டில எடுக்க ஆளில்ல, இலங்கை அரசியல் விளங்காது எண்டாங்க. கடைசியா லண்டனில சோர்ட் ஒஃப் புக்ஸ் எண்ட சின்னப் பதிப்பகம் எடுத்துது. அங்க நட்டானியா ஜான்ஸ் எண்ட எடிட்டரோட குந்தியிருந்து, கொரோனாக் காலம் முழுக்க, அச்சாகி வெளிய வந்த ஒரு நாவல மனுசன் திரும்ப எழுதினார். வெட்டினார், சேர்த்தார், தலைப்பையும் மாத்தினார். அப்பிடி வந்ததுதான் 2022இல புக்கர் எடுத்த ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா’. யோசிச்சுப் பாருங்க, கொமன்வெல்த் பரிசு எடுத்த ஒரு ஆள், அச்சான புத்தகத்தக் கையில வச்சுக்கொண்டு இன்னொரு ஆள்ர கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித் திருத்தியிருக்கிறார். நீங்க அச்சாகாத ஒண்ட வச்சுக்கொண்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்திட்டீங்க. சொந்தக் காசில அடிக்கிறத நான் பிழை சொல்லேல்ல, ஈழத்தில முக்காவாசிப் பேர் அப்பிடித்தான் அடிக்கிறாங்க, அதில வெக்கப்பட ஒண்டுமில்ல. ஆரும் வாசிக்காம அடிக்கிறதத்தான் சொல்லுறன்.

முந்தி சொந்தமா அடிச்சாலும் அப்பிடி நடக்க வழியில்ல. ஏஎல் எழுதிப்போட்டு றிசல்ட்டுக்குக் காத்திருந்த காலத்தில நான் டவுனில ஒரு அச்சகத்தில புறூஃப் பாத்தனான். அங்க அச்சுக்கோர்க்கிற ஐயா ஒருத்தர், சாரமும் வெள்ளைப் பெனியனும், விரலெல்லாம் மை. நிண்ட நிலையில ஈய எழுத்த ஒவ்வொண்டாப் பொறுக்கி ஸ்டிக் எண்ட சின்னக் கைத்தட்டில அடுக்குவார். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி நிக்கும், அதை நாங்க பேப்பர் வாசிக்கிற வேகத்தில வாசிப்பார். ஒரு நாவலெண்டா அதின்ர ஒவ்வொரு எழுத்தும் அவற்ற விரலால போகோணும், அப்ப வாசிக்காம விடேலுமா?

ஒருக்கா ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர் நாவல் கொண்டு வந்தார். ஐயா பாதியில ஸ்டிக்க கீழ வச்சிட்டார். "கலியாணம் ஆவணியில, பிள்ளை மாசியில பிறக்குது, ஆறு மாசம்தானே ஆகுது, ஊர் அந்தப் பெட்டையச் சும்மா விடுமா? நீங்க இத யோசிச்சனீங்களா?" எண்டு கேட்டார். போஸ்ட்மாஸ்டருக்கு முகம் சிவந்து போச்சு. அச்சுக்கோர்க்கத்தான் உமக்குக் காசு, கதை கேக்க இல்ல எண்டு சத்தம் போட்டுட்டுப் போனார். கொஞ்ச நாளால திரும்பி வந்தார், கையில புதுத் தாள். மாசத்த மாத்தியிருப்பார் எண்டுதான் நான் நினைச்சன். மாத்தேல்ல. மாமியார்க்காரி அடுப்படியில குந்தியிருந்து விரல் விட்டு மாசம் எண்ணுறா, மருமகள் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கொண்டு அந்த விரலையே பாக்கிறா, ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கேல்ல. அந்தப் புத்தகத்தில வேற எதுவும் எனக்கு இப்ப ஞாபகமில்ல, அந்த அடுப்படி மட்டும் இருக்கு. ஐயா அதைக் கோர்த்து முடிச்சு புறூஃப் எடுத்து ஈரம் காய முந்தி என்னட்டத் தந்து "வாசி பிள்ளை" எண்டார்.

1990இல சனம் இடம்பெயர்ந்ததோட அந்த அச்சகமும் போச்சு, ஐயாவும் எங்க எண்டு தெரியாது. பிறகு கம்பியூட்டர் வந்துது. நல்லதுதான். நாங்களே டைப் பண்ணுறம், லேஅவுட் செய்யிற தம்பி பக்கத்த ஓடவிட்டு பிடிஎஃப் ஆக்குறார், மெசின் அடிக்குது. எழுதின ஆள் தவிர ஒரு மனுசக் கண் படாம 200 பக்கம் அட்டையோட வெளிய வந்திடுது. எங்கட நாவல்களுக்கு நடந்த பெரிய நட்டம் இதுதான் எண்டு நான் எங்க போனாலும் சொல்லுறன், கேக்க ஆளில்ல.

உங்கட மூண்டு அத்தியாயத்தையும் அச்செடுத்துப் பென்சிலோட வாசிச்சன். ரெண்டாம் அத்தியாயத்தில 1987இல அம்மம்மா தயிர்ச் சட்டிய மடியில வச்சுக்கொண்டு மூதூரில இருந்து பஸ்ஸில வாறா, பஸ் கிண்ணியாப் பாலத்தக் கடந்து டவுனுக்கு வருது. தம்பி, கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல. 1987இல அங்க பாதைதான் ஓடினது, ஆக்களையும் வாகனங்களையும் ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோற மிதவைய எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுறவை. பஸ் வந்து வரிசையில நிக்கும், சனம் இறங்கும், பாதை அக்கரையில நிண்டா வரும்வரைக்கும் வெயிலில நிக்கோணும். மூதூர்ப் பக்கம் இருந்து வந்தா அது ஒரு இடத்தில இல்ல, கங்கை, இறால்குழி, உப்பாறு எண்டு துறைக்குத் துறை இறங்கி இறங்கி ஏறோணும். நீங்க பாலம் கட்டினதுக்குப் பிறகு வளர்ந்த பிள்ளை, தெரியாமப் போறது குற்றமில்ல. ஆனா இத அச்சில போட்டா கிண்ணியாவில ஒரு வாசகர் அந்தப் பக்கத்தோட புத்தகத்த மூடிடுவார்.

அதவிட எனக்குக் கவலை வேற. அந்த வரியால உங்கட நாவலின்ர நல்ல இடம் ஒண்டு இல்லாமப் போயிட்டுது. மகள்ர வீட்டுக்கு முதல் தடவையா போற கிழவி, மடியில தயிர், ஒவ்வொரு துறையா இறங்கி ஏறுறா, வெயில் ஏறுது, தயிர் புளிக்கத் தொடங்குது, சோதனை செய்யிற ஆமிக்காரன் சட்டியத் திறக்கச் சொல்லுறான். இதெல்லாத்தையும் பாலம் ஒரே வரியில தாண்டிக்கொண்டு போயிட்டுது. பஸ் குலுங்கேக்க அவ சட்டியின்ர வாயக் கையால பொத்துறா எண்டு எழுதியிருக்கிறீங்களே, அத வாசிச்சிட்டு நான் பென்சில வச்சிட்டன். அத எழுதின கைக்கு அந்தத் துறையையும் எழுத ஏலும். உங்களுக்கு எழுத வரும் தம்பி. அதாலதான் இவ்வளவு ஏசுறன்.

இப்ப செய்யவேண்டியது இதுதான். முழுப் பிரதியையும் தாளில எடுங்க, போனில அனுப்பினா ஆரும் ஒழுங்கா வாசிக்கிறேல்ல. ஒண்டு கிண்ணியாவில அந்தப் பாதையில போய்வந்த வயசாளி ஒருத்தருக்கு, கண் தெரியாட்டி பக்கத்தில இருந்து வாசிச்சுக் காட்டுங்க. ஒண்டு உங்களில கொஞ்சமும் தயவு பாக்காத தமிழ் டீச்சர் ஒருத்தருக்கு. சொந்தக்காரர் வேண்டாம், பேஸ்புக்கில லைக் போடுற ஆக்கள் வேண்டாம். எடிட் பண்ணித் தாற ஆள் கிடைச்சா அவருக்குக் காசு குடுங்க, சும்மா கேக்காதீங்க. 500 எல்லாம் வேண்டாம், 2022க்குப் பிறகு பேப்பர் விக்கிற விலை உங்களுக்கே தெரியும், இப்ப டிஜிட்டலில 100 பிரதியும் அடிக்கலாம், மிஞ்சிற காச எடிட்டருக்கு வையுங்க. தை மாசத்த விடுங்க, அட்வான்ஸ திருப்பித் தராட்டி திகதிய ஆவணிக்குத் தள்ளித்தரச் சொல்லிக் கேளுங்க.

மிச்ச அத்தியாயங்கள எனக்கும் ஒரு பிரதி பஸ்ஸில குடுத்து விடுங்க, ரெண்டு வரிக்கு நடுவில நல்லா இடம் விட்டு அச்செடுங்க. ரெண்டாம் அத்தியாயத்த மட்டும் இப்ப அனுப்பாதீங்க, துறையெல்லாம் போய்ப் பாத்து, ஆக்களிட்டக் கேட்டு, திரும்ப எழுதினாப் பிறகு அனுப்புங்க.

அன்புடன்,
அக்கா
திருகோணமலை