முன்சக்கர டிரைவ் காரில் பர்ன்அவுட் (வண்டியை நிறுத்தி வைத்து, சக்கரத்தை மட்டும் சுற்றவிட்டுப் புகை கிளப்புவது) செய்யலாமா? காருக்கு என்ன ஆகும்?

வேண்டாம். டயர் தேய்ந்துவிடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இதில் ஆகும் செலவுகளில் டயர்தான் மலிவானது. பெரிய அடி விழுவது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு, அதாவது வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் கியர் தொகுப்புக்கு.

நம்மூரில் அதிகம் ஓடும் ஸ்விஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கர டிரைவ் வண்டியில் பர்ன்அவுட் செய்தால், முன்பக்க டிஸ்க் பிரேக் வண்டியைப் பிடித்து நிறுத்தும், பின்சக்கரம் மட்டும் சுற்றும். ஸ்விஃப்ட்டில் வண்டியைப் பிடித்து நிறுத்த இருப்பது பின்பக்க டிரம்மில் வேலை செய்யும் ஹேண்ட்பிரேக் ஒன்றுதான். பின்பக்கம் எடையும் குறைவு. அதனால் பின்சக்கரம் லாக் ஆகி, வண்டி அப்படியே தேய்ந்துகொண்டு முன்னால் போகும். சுற்றிக்கொண்டிருக்கும் முன் டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு கிடையாது, ஸ்டியரிங் திருப்பினாலும் கேட்காது. முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் பிடிப்பை இழந்த வண்டி அது. பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பவர்களை நினைத்தால் எனக்குப் பயமே இதுதான்.

இப்போது டிஃபரன்ஷியல். சாதாரணக் கார்களில் இருப்பது ஓப்பன் டிஃபரன்ஷியல். இரண்டு சக்கரத்தில் எதற்குப் பிடிப்பு குறைவோ, அது மட்டும் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் காட்டுவது இரண்டு சக்கரத்தின் சராசரி. அதனால் முள் 80 காட்டினால், சுற்றுகிற சக்கரத்தின் உண்மை வேகம் 160. முள் 100-ஐத் தொட்டால் 200. எஸ் (S) என்ற வேகக் குறியீடு உள்ள டயரின் வரம்பே 180 கி.மீ.தான். அதைத் தாண்டி டயர் கிழிந்தால் வீல் ஆர்ச், பிரேக் ஹோஸ் எல்லாம் சேர்ந்து போகும்.

உள்ளே நடப்பது இன்னும் மோசம். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியர்கள் என்ற சின்ன கியர்கள் ஒரு சாதாரண இரும்புப் பின்னில் சுற்றுகின்றன. அங்கே பேரிங் கிடையாது, தெறிக்கும் ஆயில்தான் பாதுகாப்பு. வளைவில் திரும்பும்போது மெதுவாகச் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டவை அவை. ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றும்போது ஆயில் படலம் அறுந்து, கியரும் பின்னும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பின்னைப் பிடித்திருக்கும் சின்ன லாக் பின் உடைந்தால், பெரிய பின் வெளியே நகர்ந்து கியர்பாக்ஸ் கேஸிங்கையே உடைக்கும். பிறகு கியர்பாக்ஸை இறக்காமல் எதுவும் செய்ய முடியாது.

அடுத்தது துள்ளல். டயர் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடித்து 'தடதட' என்று அடிக்கும். ஒவ்வொரு பிடிப்பிலும் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட், அதன் முனைகளில் வளைந்து கொடுக்கும் சிவி ஜாயின்ட், இன்ஜின் மவுண்டிங் மூன்றும் அடி வாங்கும். ஸ்டியரிங் திரும்பியிருந்தால் வெளி ஜாயின்ட் உடையும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

கிளட்சும் தப்பாது. 4,000 ஆர்பிஎம்மில் காலைச் சட்டென்று எடுத்தால் அதிர்ச்சி முழுக்க கியருக்குப் போகும். பாதி கிளட்சில் வைத்தால் பிளேட் எரியும். டயர் புகை என்று நினைப்பதில் கிளட்ச் புகையும் இருக்கலாம். ஏஎம்டி, டிரை கிளட்ச் டிஎஸ்ஜி, சிவிடி போன்ற ஆட்டோமேட்டிக் வண்டிகளில் முயற்சியே வேண்டாம்.

நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸில் செய்கிறார்களே என்றால், அங்கே பள்ளக்கோடு இல்லாத ஸ்லிக் டயரைச் சூடாக்கிப் பிடிப்பைக் கூட்டுவதற்காகச் செய்கிறார்கள். சாலை டயர் அதிகம் சூடானால் மேற்பரப்பு பிசுபிசுத்துப் பிடிப்பு குறையத்தான் செய்யும்.

பொதுச் சாலையில் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவு பாயும். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைக்கும் இடம் உண்டு. உடைந்த கியர்பாக்ஸுக்கு வாரன்டியும் எதிர்பார்க்காதீர்கள்.

இவ்வளவும் தெரிந்து, மூடிய தனியார் இடத்தில் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: ஸ்டியரிங் நேராக, தரை முழுக்க ஈரமாக, முன்னால் நிறைய காலி இடத்தோடு, ஆள் யாரும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். மூன்று, நான்கு விநாடி போதும், முள் 40-ஐத் தாண்ட வேண்டாம். துள்ளல் தொடங்கிய உடனே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். முடிக்கும்போது கிளட்சை மிதித்து, சக்கரம் நின்ற பிறகே வண்டியை நகர்த்துங்கள். சுற்றும் சக்கரம் ஈரத்திலிருந்து காய்ந்த தரைக்கு ஏறும் அந்த நொடியில்தான் ஷாஃப்ட் முறியும்.

பிறகு சிவி ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையில் (சிவி பூட்) கிரீஸ் கசிகிறதா பாருங்கள். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக ஓட்டி 'டக் டக்' சத்தம் கேட்கிறதா கவனியுங்கள். கியர் ஆயிலை இறக்கும்போது டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். கையில் தட்டுப்படும் அளவுக்கு இரும்புச் சில்லு இருந்தால் வண்டியை ஓட்டாமல் டிஃபரன்ஷியலைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.