காவலர் தேர்வில் நிராகரிப்பா? சட்டம் தரும் வழிகள்

தமிழ்நாடு காவலர் தேர்வில் பாதியில் வெளியேற்றப்பட்டவர்கள் கேட்டவை இவை. பணி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் பதில் சொல்கிறார்.

மேடம், ரிட்டன், ஃபிஸிக்கல் எல்லாம் பாஸ். ஊர்த் திருவிழாத் தகராறில் என் மேலும் ஒரு கேஸ் இருந்தது, விடுதலை ஆகிவிட்டேன். வெரிஃபிகேஷன் படிவத்திலும் எழுதியிருந்தேன். ஆனாலும் 'தகுதியில்லை' என்று கடிதம் வந்திருக்கிறது. கேஸ்தான் முடிந்துவிட்டதே?

தம்பி, முதலில் அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, எந்தக் காரணத்தால் விடுவித்தார்கள் என்று பாருங்கள். 'சந்தேகத்தின் பலன்', அதாவது குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று இருந்தால் பாதை கடினம். அப்படி விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே நம் காவல் பணி விதிகள் கருதுகின்றன. 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் இந்த விதியை ஏற்றுக்கொண்டது. ராசியாகப் போய், சாட்சிகள் பிறழ்ந்ததால் வந்த விடுதலையும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் சேரும். குற்றமே நடக்கவில்லை, பொய்யாகச் சேர்த்தார்கள் என்று நீதிபதி எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும்.

கடிதத்தையும் பாருங்கள். வழக்கின் தன்மை, உங்கள் பங்கு எதையும் பரிசீலிக்காமல் ஒற்றை வரியில் தள்ளியிருந்தால், அந்த உத்தரவை எதிர்த்து அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். உத்தரவை ரத்து செய்து மறுபடி பரிசீலிக்கச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். 'வேலை கொடுங்கள்' என்று நேராகக் கேட்டால் நீதிமன்றம் தயங்கும். பட்டியலில் பெயர் வந்ததாலேயே நியமன உரிமை வந்துவிடாது என்பது 1991 முதல் உச்ச நீதிமன்றம் சொல்லிவருவது.

கேஸ் இருந்தும் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

நிராகரிப்புகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். வழக்கு சிறியது, மறைத்தது பெரிதாகிவிடும். இருந்தாலும் 2016-ல் அவதார் சிங் வழக்கில், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் அதை மன்னிக்க அதிகாரிக்கு இடம் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பைக் காட்டி மனு கொடுங்கள். இனி நிரப்பும் படிவத்தில் எஃப்ஐஆர் நிலையிலேயே முடிந்ததைக்கூட, கேட்டிருந்தால் எழுதிவிடுங்கள்.

சம்பவம் நடந்தபோது எனக்கு 15 வயது.

அப்படியானால் நிலைமையே வேறு. 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 24-வது பிரிவு உங்களைக் காக்கும். பிறப்புச் சான்றிதழுடன் மனு கொடுங்கள்.

உயரம் 169.6 செ.மீ. என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அளந்தால் 170 வருகிறது.

பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்ட ஆண்களுக்கு 170, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. இதில் தளர்வு கிடைக்காது, அளவில் தவறு என்றுதான் வாதாட முடியும். மறு அளவீடு கேட்டு மைதானத்திலேயே எழுத்தில் கொடுத்திருந்தால் அது பெரிய ஆதாரம். தனியார் டாக்டர் சான்றிதழுக்கு மதிப்பு குறைவு. அரசு மருத்துவக் குழு முன் அளக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் கேளுங்கள். இறுதிப் பட்டியல் வருமுன் போக வேண்டும்.

ஆன்சர் கீ தவறு. ஒரு மார்க்கில் போய்விட்டது.

ஆட்சேபம் தெரிவிக்கத் தந்த நாட்களுக்குள் பாடநூல் பக்கத்தோடு அனுப்பினீர்களா? விடை தவறு என்பது பார்த்த உடனே தெரிய வேண்டும். இரண்டு விடைக்கும் வாதம் இருந்தால், 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி சந்தேகத்தின் பலன் தேர்வு நடத்தியவருக்கே.

காரணமே சொல்லவில்லை. எட்டு மாதம் ஆகிறது.

இன்றே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு. ஆனால் அதற்காக நீதிமன்றம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். ரிட் மனுவுக்குச் சட்டத்தில் காலக்கெடு இல்லை என்றாலும், மற்றவர்கள் பயிற்சிக்குப் போய்விட்ட பிறகு வந்தால் தாமதத்தைக் காட்டியே தள்ளுபடி ஆகிறது.

என் மகளுக்காகக் கேட்கிறேன். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை, மேடம்.

பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு அம்மா. சென்னையிலும் மதுரைக் கிளையிலும் உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு இருக்கிறது. கடிதம், ஹால் டிக்கெட், மதிப்பெண் விவரம் ஆகியவற்றோடு மகளையே நேரில் அனுப்புங்கள்.