சூப்பர் பேக்குக்குப் பணம்: மச்சானின் பங்கையும் சேர்த்துக் கட்டலாமா?

கேள்வி: நியூஜெர்ஸி எடிசனில் இருக்கிறேன். போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. ஒரு செனட் வேட்பாளரை ஆதரிக்கும் சூப்பர் பேக் (வேட்பாளரோடு கலந்து பேசாமல் தனியாகச் செலவழித்துப் பிரசாரம் செய்யும் குழு) சார்பில் பேசுவதாக ஒருவர் அடிக்கடி போன் செய்து 2,500 டாலர் கேட்கிறார். "இது வேட்பாளருக்குத் தரும் நன்கொடை இல்லை, பேச்சுரிமை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. வரிவிலக்கும் உண்டு" என்கிறார். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் என் மச்சானும் 1,000 டாலரை என் கையில் தந்து, சேர்த்துக் கட்டச் சொல்கிறார். பிரச்சினை வருமா?

பதில்: மச்சானின் பணத்தை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

போன் செய்தவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வேட்பாளருக்குத் தரும் பணத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம், ஆனால் அவரோடு கலந்து பேசாமல் ஒருவர் தன் பாட்டுக்குச் செலவழிப்பதற்கு வரம்பு வைப்பது பேச்சுரிமையைப் பறிப்பதாகும் என்று 1976இல் பக்லி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு அந்த உரிமையை நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் தந்தது. இரண்டு மாதம் கழித்து ஸ்பீச்நவ் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், தனித்துச் செலவழிக்கும் குழுக்களுக்கு வரும் நன்கொடைக்கும் வரம்பு கூடாது என்றது. சூப்பர் பேக் பிறந்த கதை இதுதான். ஆக, "எவ்வளவு வேண்டுமானாலும்" என்பது சரி. "யார் வேண்டுமானாலும்" என்பது பொய். வரிவிலக்கு என்பது சுத்தப் பொய். அரசியல் நன்கொடை எதற்கும் அது கிடையாது.

அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் தரலாம். எச்-1பி, எஃப்-1 (மாணவர் விசா), எல்-1 (கம்பெனி மாற்றல் விசா) என்று தற்காலிக விசாவில் இருக்கும் யாரும் தரக் கூடாது. வேட்பாளருக்கும் கூடாது, சூப்பர் பேக்குக்கும் கூடாது, உள்ளூர் கவுன்சில் தேர்தலுக்கும் கூடாது. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்கும்: "ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆகிவிட்டதே?" கூடாது. "ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டு, இஏடி கார்டு (வேலை அனுமதி அட்டை) கையில் இருக்கிறதே?" அப்போதும் கூடாது. "பதினைந்து வருடமாக வரி கட்டுகிறேனே?" எனக்கும் வயிற்றெரிச்சல்தான், ஆனால் கூடாது. வரிசையில் நிற்பது கணக்கில்லை. நிரந்தர வாசி என்ற அந்தஸ்து கிடைத்திருக்க வேண்டும். இது பேச்சுரிமைக்கு விரோதம் என்று வாதாடியும் பார்த்துவிட்டார்கள். தற்காலிக விசாவில் நியூயார்க்கில் வேலை பார்த்த ப்ளூமன் என்ற கனடா நாட்டு வழக்கறிஞர், ஒபாமாவை ஆதரித்துத் துண்டறிக்கை அச்சடித்து சென்ட்ரல் பார்க்கில் கொடுக்க விரும்பினார். அதற்கும் முடியாது என்று 2011இல் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது.

மச்சானின் பணம் உங்கள் பெயரில் போனால் குற்றம் இரட்டிப்பு. அடுத்தவர் பெயரில் நன்கொடை தருவது தனிக் குற்றம், குடிமகன் செய்தாலும் குற்றம்தான். மும்பையில் பிறந்த தினேஷ் டி'சூசா, 20,000 டாலரை இப்படி மற்றவர்கள் பெயரில் ஒரு செனட் வேட்பாளருக்கு அனுப்பிவிட்டு 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 2018இல் ஜனாதிபதி மன்னிப்பு கிடைத்தது. உங்கள் மச்சானுக்குக் கிடைக்காது.

இனி உங்கள் 2,500. சட்டப்படி தரலாம். ஆனால் போனில் பேசியவருக்குத் தராதீர்கள். பெயருக்குக் குழுவைப் பதிவு செய்துவிட்டு, வரும் பணத்தை எல்லாம் போன் செய்யும் கம்பெனிக்கும் "ஆலோசனைக் கட்டண"த்துக்குமே கொடுத்துவிடும் கும்பல்கள் உண்டு. ஃபெடரல் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் குழுவின் பெயரைப் போட்டுச் செலவுப் பக்கத்தைப் பாருங்கள். விளம்பரம் என்ற வரியே இல்லையென்றால் விஷயம் புரிந்துவிடும். ஆணையம் பிடித்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். ஆறு நாற்காலி, எதற்கும் நாலு ஓட்டு வேண்டும், ஒரே கட்சிக்கு மூன்றுக்கு மேல் இடமில்லை. 2025 மே மாதம் முடிவெடுக்கத் தேவையான நாலு பேர்கூட இல்லாமல் போனது. புகார் கொடுத்தால் அதைக் கேட்க ஆள் வேண்டாமா? அதை நினைத்து மச்சான் தெம்பாக வேண்டாம், கிரிமினல் வழக்குப் போடுவது ஆணையம் இல்லை, அரசின் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்).

அந்த வேட்பாளர் ஜெயிக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அவருடைய பிரசாரக் கணக்குக்கே நேராகக் கட்டுங்கள். 2026 தேர்தலுக்கு வரம்பு 3,500 டாலர், உட்கட்சித் தேர்தலுக்குத் தனி, பொதுத்தேர்தலுக்குத் தனி. பொதுத்தேர்தலுக்கு முந்தைய 60 நாளில் டிவிக்காரர்கள் வேட்பாளருக்குத்தான் ஆகக் குறைந்த விளம்பரக் கட்டணம் போட வேண்டும். சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை இல்லை. எங்கே கொடுத்தாலும், 200 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயரும் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரும் இணையத்தில் ஏறிவிடும்.

மச்சானுக்கு ஆசை அடங்காவிட்டால், சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கலாம். அதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் உட்காரக் கூடாது.

அடுத்த முறை போன் வந்தால் குழுவின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 'சி' என்ற எழுத்தும் அதன் பின்னால் எட்டு இலக்கமும் இருக்கும். எண்ணைச் சொன்னால் மேற்கொண்டு பேசுங்கள். சொல்ல மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.