இன்டர்நெட் போனில் மணி அடிக்கிறது, எதிர்முனைக் குரல் கேட்கவில்லை. ஏன்?

மதுரை திருநகர் வீட்டில் பழைய மேசை போனை அடாப்டர் (சாதாரண போனை இன்டர்நெட் போனாக்கும் சிறு பெட்டி) வழியாக ரவுட்டரில் இணைத்திருக்கிறீர்கள். நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்கிறீர்கள்.

மணி அடிப்பதால் அடாப்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். புதிது வாங்க டவுன்ஹால் ரோட்டுக்கு ஓட வேண்டாம். அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி செய்தி வழக்கமாக 5060 போர்ட்டில் (போர்ட் என்பது இணைப்பில் எண்ணிட்ட ஒரு வாசல்) போகிறது. குரலோ ஆர்டிபி என்ற தனி வழியில், வேறு போர்ட்டுகளில் வருகிறது. குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று எஸ்ஐபி செய்திக்குள்ளேயே அடாப்டர் எழுதி அனுப்பும். அதில் 192.168 என்று தொடங்கும், வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் ஐபி முகவரி போய்விட்டால், குரல் உங்கள் வீட்டுக்குள் வந்து சேராது.

முதலில் ரவுட்டர் செட்டிங்கில் எஸ்ஐபி ஏஎல்ஜி இருந்தால் அணைத்துவிடுங்கள். அந்த முகவரியைத் திருத்தத்தான் அந்த வசதி. ஆனால் பல ரவுட்டர்கள் அதைத் தப்பாகத் திருத்திவிடுகின்றன. அப்புறம் அடாப்டரை ஒருமுறை ஆஃப் செய்து போடுங்கள்.

இன்னும் சரியாகவில்லையா? ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் இருந்தால் முகவரி இரண்டு முறை மாறும். இரண்டாவதை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் (முகவரியை மாற்றாமல் வைஃபை மட்டும் தரும் முறை) வையுங்கள். அடாப்டருக்கு அதன் வெளி முகவரியைச் சொல்லும் ஸ்டன் சர்வரையும், உங்கள் சேவை நிறுவனம் தந்த முகவரியைப் போட்டு, இயக்கிப் பாருங்கள். ரவுட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், அது இணைய நிறுவனத்தின் உள் முகவரி, வெளியிலிருந்து நேராக எட்டாது. அதனால் போர்ட் ஃபார்வர்டிங்கில் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை அடாப்டருக்குத் திருப்பிவிடும் செட்டிங்) நேரத்தைச் செலவிடாதீர்கள், பலன் இருக்காது.

வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், அடாப்டர் எல்லாவற்றையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். கரண்ட் போனால் இந்த போனும் போய்விடும்.