செயற்கைக்கோள் படம் நம் மண்ணைச் சொல்லுமா?

கேள்வி: குலசேகரம் அருகே எங்களுக்கு ஓர் ஏக்கர் ரப்பரும், அதையொட்டி வாழை எடுத்தபின் உழுது போட்டிருக்கும் 60 சென்ட் நிலமும் உள்ளன. செயற்கைக்கோள் படத்தை வைத்தே மண்வகை, சத்து, அடியிலுள்ள கனிமம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக ஒருவர் கட்டணம் கேட்கிறார். மணவாளக்குறிச்சிக் கருமணலையும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள் என்கிறார். நம்பலாமா?

பதில்: கருமணல் கதை தவறு. அந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் இருப்பது 1909-இல், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிச்சென்ற துகள்களைக் கொண்டு ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலரால் தெரியவந்தது. முதல் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனதோ 1957-இல்.

இனி உங்கள் நிலத்துக்கு வருவோம். ஒவ்வொரு பொருளும் தன்மேல் விழும் வெயிலில் சில அலைநீளங்களை விழுங்கி, மற்றவற்றைத் திருப்பி அனுப்புகிறது. இலையின் பச்சையம் 670 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பொளியை விழுங்க, இலையின் உள்ளமைப்பு அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பிவிடுகிறது. நம் செம்புரை மண்ணுக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடுகள் 850 முதல் 950 நானோமீட்டர் வரையிலும், அதிலுள்ள கயோலினைட் களிமண் 2200 நானோமீட்டர் அருகிலும் ஒளியை விழுங்கித் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. ஆனால் இவ்வொளி மண்ணின் மேல்தோலோடு நின்றுவிடும். ரப்பர் தழைத்து நிற்கும் ஏக்கரில் மேலிருந்து தெரிவது இலை மட்டுமே.

அப்படியானால் திறந்து கிடக்கும் 60 சென்டில் தெரியாதா என்று கேட்பீர்கள். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படம் சிறு சதுரக் கட்டங்களால் ஆனது. மிகச்சிறிய கட்டத்தின் பக்கம் 10 மீட்டர், அதாவது பரப்பு ஏறத்தாழ இரண்டரை சென்ட். களிமண்ணைத் தேட வேண்டிய அலைநீளத்தில் கட்டம் 20 மீட்டர். உங்கள் நிலத்துக்கு ஆறு கட்டங்கள் தேறலாம், அவற்றிலும் ஓரக் கட்டங்களில் ரப்பர் நிழல் கலந்துவிடும். அங்கே கருவி ஒன்றாகச் சேர்த்து அளக்கும் அலைநீளப் பட்டையும் 180 நானோமீட்டர் அளவுக்கு அகலமானது என்பதால், கயோலினைட் அருகருகே இரண்டு இடங்களில் ஒளியை விழுங்குவதால் உண்டாகும் அதற்கே உரிய இரட்டைப் பள்ளம் அதில் கரைந்து மறைந்துவிடுகிறது. அதைப் பிரித்துக் காட்டவல்ல, 285 குறுகிய பட்டைகள் கொண்ட நாசாவின் எமிட் கருவி 2022 முதல் விண்வெளி நிலையத்தில் இயங்குகிறது. ஆனால் அதன் ஒரே கட்டம் சுமார் 89 சென்ட், உங்கள் நிலத்தைவிடப் பெரிது!

சத்து விஷயம் இன்னும் எளிது. பயிருக்குக் கிட்டும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இந்தப் படங்களில் நேரடியாகத் தெரிவதில்லை. மட்கு மிகுந்த மண் கருமையாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மழை பெய்தாலும் மண் அப்படித்தான் தெரியும். கருமணலிலும் இதே சிக்கல் உண்டு. கையில் அள்ளிப் பார்த்தால் அதிலுள்ள கனிமங்களான கறுத்த இல்மனைட்டையும் இளஞ்சிவப்புக் கார்னெட்டையும் பிரித்தறியலாம். மேலிருந்து பார்க்கையில் இல்மனைட் எல்லா அலைநீளத்திலும் இருண்டே கிடப்பதால், அலை நனைத்த வெறும் மணலோடு குழம்பிப் போகும். மோனசைட்டின் தோரியம் வெளிவிடும் கதிர்களைத் தரையிலோ தாழப் பறக்கும் விமானத்திலோ கருவி வைத்துத்தான் அளக்கிறார்கள்.

எனவே மண்ணுக்கும் கனிமத்துக்கும் கட்டணம் கொடுக்க வேண்டாம். படம் உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது ரப்பரில்தான். இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் மேகமற்ற படம் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரைதான் கிடைக்கும். ரப்பர் இலையுதிர்த்துத் துளிர்ப்பதும் அதே காலத்தில் என்பது நல்வாய்ப்பு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீடு கிடைக்கும். பலாவும் தென்னையும் அப்போதும் உயர்ந்த மதிப்பிலேயே நிற்க, ரப்பரில் அது இறங்கி மீண்டும் ஏறும். மற்ற பகுதியெல்லாம் தழைத்தபின்னும் ஒரு மூலை மட்டும் ஏறாமல் இருந்தால், நேரில் போய்த் துளிரில் சாம்பல் நோய் உள்ளதா, வேரடியில் நீர் தேங்குகிறதா என்று பாருங்கள்.

60 சென்டுக்கு மண் பரிசோதனையே போதும். பத்துப் பதினைந்து இடங்களில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, குழியின் பக்கச்சுவரிலிருந்து மேலிருந்து கீழாக மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுத்தால் போதும். பழைய வாழைக்கு உரம் வைத்த குழிகளையும், வரப்போரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.