தாத்தாவும் பேத்தியும் ஒரே சுவரிலா?

கேள்வி: எங்கள் வீடு செங்கோட்டையில், மாமனாரின் அப்பா கட்டிய ஓட்டு வீடு. வெள்ளையடிப்பதற்காகப் படங்களை இறக்கியதில் 19 சேர்ந்துவிட்டன. சாமி படங்கள், மாலை போட்ட மூன்று படங்கள், அத்தையின் கல்யாணப் படம், மறைந்த மாமனாரின் பள்ளிக்கூட குரூப் போட்டோ (கீழே மலையாளத்தில் ஏதோ எழுதியிருக்கிறது), பிள்ளைகளின் படங்கள். கொல்லத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகள், ‘எல்லாத்தையும் பட்டாசல் (கூடம்) சுவர்ல சேர்த்து மாட்டி கேலரி வால் ஆக்கிடலாம்மா’ என்கிறாள். ‘போய்ச் சேர்ந்தவங்களையும் இருக்கிறவங்களையும் ஒண்ணா மாட்டக் கூடாது’ என்கிறார் அத்தை. நடுவில் என் கணவர் இரண்டு ஆணி அடித்துப் பார்த்தார். இரண்டும் காரையோடு பெயர்ந்து வந்துவிட்டன. என்ன செய்வது?
வாசகி, செங்கோட்டை

பதில்: அத்தையிடம் பிறகு வருகிறேன். முதலில் அந்த இரண்டு ஆணிகள்.

உங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரை பூசியதாகத்தான் இருக்கும். அதற்குச் சுத்தியல் ஆகாது. ஒவ்வோர் அடிக்கும் காரை செங்கல்லை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அன்றைக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் பாளம் பாளமாக விழும். டிரில் மெஷின்தான் வேண்டும், அதிலும் ‘ஹேமர்’ இல்லாமல் மெதுவாக. காரையைத் தாண்டிச் செங்கல்லுக்குள் ஒன்றரை அங்குலமாவது துளை இறங்க வேண்டும். பிளாஸ்டிக் பிளக் செருகித் திருகாணி போட்டால் அசையாது.

அதற்காக 19 துளைகளா? நானாக இருந்தால் போட மாட்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்ததையே செய்வேன். பழைய வீடுகளில் கதவு நிலைக்கு மேலே சுவர் நீளத்துக்கு ஒரு மரச்சட்டம் ஓடும். படங்கள் அதில் வரிசையாகத் தலைகுனிந்து நிற்கும். பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு நேராகப் படம் தெரிய வேண்டும், கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கக் கூடாது. சாய்வு அதற்காகத்தான். ஆசாரியிடம் சொல்லி அதேபோல் ஒரு ரீப்பரை (மெல்லிய நீள மரச்சட்டம்) இழைத்து வாங்கி, நான்கைந்து இடத்தில் மட்டும் திருகாணி போட்டுப் பொருத்துங்கள். படங்களை அதிலிருந்து கம்பியில் தொங்கவிடலாம், கீழ்வரிசைக்கு நீளக் கம்பி. பொங்கலுக்கு வரும் மகள் எல்லாவற்றையும் இடம் மாற்றினாலும் சுவருக்குச் சேதமில்லை.

எந்தச் சுவர் என்பதை இறக்கிய படங்களே சொல்லும். ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். முதுகில் ஒட்டிய காகிதத்தில் நீர்க்கோடு, கறுப்புப் பூஞ்சைப் புள்ளி, இராமபாணப் பூச்சி அரித்த தடம் எதுவும் இருந்தால், அது தொங்கிய சுவரில் ஓதம் இருக்கிறது. அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். குற்றாலச் சாரலை ஆனி, ஆடியில் முகத்தில் வாங்கும் மேற்கு வெளிச்சுவர் என்றால் திருப்பிப் பார்க்கக்கூட வேண்டாம். இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் உள்சுவரே நல்லது. வெள்ளையடித்த ஈரமும் நன்றாகக் காயட்டும். மாட்டும்போது சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகள் இரண்டிலும் சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால், படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று போய்வரும்.

இதில் நான் பட்டிருக்கிறேன். என் கல்யாணப் படத்தைக் குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மாட்டினேன். மழைக்காலம் முடிவதற்குள் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. புத்திசாலித்தனமாகப் பிரித்தெடுத்தேன். என் கணவரின் மீசை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அத்தையின் கல்யாணப் படம் அப்படி ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுங்கள். சுவருக்குப் பிரதி போதும், மூலம் பீரோவில் இருக்கட்டும். பிரதிக்குச் சட்டம் போடும்போது ‘மவுண்ட்’ வைத்துத் தரச் சொல்லுங்கள். அந்த அட்டை விளிம்புதான் படம் கண்ணாடியைத் தொடாமல் காக்கிறது. பிரேம் கடையில் அதை அழகுக்கு என்பார்கள், தேவையில்லை என்று தள்ளிவிடவும் பார்ப்பார்கள். பிள்ளைகளின் கலர் படங்கள் வெயில் விழும் இடத்தில் வேண்டாம், வெளுத்துவிடும்.

இனி அத்தை. அவரோடு சாஸ்திரம் பேச எனக்குத் தகுதியில்லை, உங்களுக்கும் தேவையில்லை. மாலை போட்ட மூன்று படங்களும் தெற்குச் சுவரில், அவர் விளக்கேற்றும் இடத்தில் தனியாக இருக்கட்டும். முன்னோரைத் தென்புலத்தார் என்றுதானே சொல்கிறோம். அவை வழிபாட்டுக்கு உரியவை, அலங்காரத்தில் சேர்க்க வேண்டாம். மகளிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மற்றவற்றுக்கு அத்தையின் கல்யாணப் படத்தை அவர் மடியில் வைத்து, இதில் இன்றைக்கு இருப்பவர்கள் யார் யார் என்று கேளுங்கள். ஒரே சட்டத்துக்குள் போனவர்களும் இருப்பவர்களும் தோளோடு தோள் நிற்கிறார்கள். அந்தப் படம் இத்தனை வருடம் அவர் சம்மதத்தோடுதானே பட்டாசலில் தொங்கியது? மாமனாரும் அப்படியே. மாலை போட்ட படத்தில் அவர் தெய்வம், பள்ளிக்கூடப் படத்தில் அரைக்கால் சட்டைப் பையன். பேத்திக்குப் பக்கத்தில் அந்தப் பையன் நிற்கலாம் என்பது என் கட்சி. தீர்ப்பு அத்தையுடையது.

சாமி படங்கள் பூஜை அறைக்கு. அதற்கு முன் ஓரங்களைப் பாருங்கள். சி. கொண்டையராஜு என்று கையெழுத்து இருந்தால் பத்திரம். கோவில்பட்டியில் இருந்து வரைந்து, 1976-ல் மறைந்தவர். அவர் சாமிகள்தான் காலண்டர்களாக வீடு வீடாகப் போனவை.

மிஞ்சுபவை பத்துப் பன்னிரண்டு இருக்கும், அதுவே தாராளம். தரையில் போர்வை விரித்து அடுக்கிப் பாருங்கள். பெரிய படத்தை நட்டநடுவில் வைக்காமல் சற்று ஒதுக்கி வைத்து, மற்றவற்றைச் சுற்றி நிரப்புங்கள். படத்துக்குப் படம் இரண்டிலிருந்து மூன்று அங்குலம் இடைவெளி. பிடித்துவிட்டால் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதைப் பார்த்து மாட்டலாம். அருங்காட்சியகங்களில் படத்தின் மையம் தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் வருமாறு மாட்டுவார்கள். அது நின்று பார்ப்பவர்களுக்கான கணக்கு. அத்தை கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பவர் என்றால் அரை அடி இறக்குங்கள். ரீப்பருக்கு ரசமட்டம் வைத்தால் போதும். ஓட்டு வீட்டில் தரையும் உத்தரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, கண்ணை நம்பாதீர்கள்.

அந்த மலையாள எழுத்தை உங்கள் மருமகனிடம் காட்டுங்கள். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, அதற்கு முந்தைய படமாக இருக்கலாம். அவர் வாசிக்க, அத்தை ஆட்களை அடையாளம் சொல்ல, மகள் படத்தின் முதுகில் பென்சிலால் பெயர்களை எழுதட்டும். பேனா வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வந்துவிடும். இதை ஆசாரி வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.