கிணறு எங்கே?

அன்புள்ள ஐயாவுக்கு,

மாகாண சபைத் தேர்தலைப் பழைய விகிதாசார முறையில் நடத்த ஒரு சின்னத் திருத்தம் போதும் என்கிறார்கள். அதற்குப் பாராளுமன்றத்துக்கு இத்தனை வருடமா? ஒரே நாளில் முடிக்கலாம்தானே? நீங்களோ போன கட்டுரையில் 'சட்டம் அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் வரவேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். 2022 இல் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற எனக்கு, ஆறுதல் என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. எதிர்க்கட்சிகள் நேரத்தை வீணாக்கத்தானே விவாதம் கேட்கின்றன? பாராளுமன்ற நடைமுறை பற்றித் தமிழில் ஒரு புத்தகமும் சொல்லுங்கள்.

க., கோப்பாய்

அன்புள்ள க.,

உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கடிதத்தை அனுப்புமுன் ஒரு தடவையாவது வாசித்திருக்கலாம். மாகாண சபை என்று வரவேண்டிய இடத்தில் இரண்டு முறை பிரதேச சபை என்று எழுதியிருந்தீர்கள். நான்தான் திருத்திப் போட்டிருக்கிறேன்.

எதிர்க்கட்சிகள் நேரத்தை வீணாக்குவது உண்மை. அது வேறு நோய், விடுங்கள்.

நீங்கள் ஒரே நாளில் அவிழ்க்கச் சொல்லும் முடிச்சு எத்தனை நாளில் போடப்பட்டது என்று தெரியுமா? 2017 இல் வர்த்தமானியில் வந்த சட்டமூலம் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவது பற்றியது. யார்தான் எதிர்ப்பார்கள்? செப்டம்பர் 20 ஆம் திகதி, சட்டமூலத்தை வாசகம் வாசகமாகப் பார்க்கும் குழுநிலையில், அதற்குள் பக்கம் பக்கமாகப் புதிய வாசகங்களைச் செருகினார்கள். விகிதாசாரமாக இருந்த தேர்தல் முறையே தொகுதியும் விகிதாசாரமும் கலந்ததாக மாறிப்போனது. குழுநிலையில் செருகியதை எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. பிறகு புதிய முறைக்காகத் தொகுதி எல்லைகளைப் பிரித்தார்கள். அந்த எல்லைப் பிரிப்பு அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரித்து ஒரு வாக்குக்கூட விழவில்லை, கொண்டுவந்த அரசாங்கத்திடமிருந்தும்தான். பழைய முறை போய்விட்டது, புதியது வந்து சேரவில்லை. அந்த ஒக்டோபரில் எங்கள் வட மாகாண சபையின் காலமும் முடிந்தது. எல்லாம் ஒரு நாள் அவசரம், தம்பி.

எனக்குப் பதினெட்டு வயதிருக்கும். ஆச்சி சின்னம்மாவுக்குச் சீதன உறுதி எழுத நெல்லியடியில் ஒரு நொத்தாரிசிடம் போனா. துணைக்கு நான். நாலு பரப்புக் காணி. நொத்தாரிசு ரயில் ஓடுவதுபோல வாசித்தார். வடக்கெல்லை, கிழக்கெல்லை, பனை, தென்னை, மா. ஆச்சிக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு கேட்டுக்கொண்டிருந்தா. வாசித்து முடிந்து பேனாவை நீட்டியபோது சொன்னா: "இன்னொருக்கா வாசியுங்கோ."

"ஆச்சி, நாலரை பஸ் போயிடும்" என்றேன்.

"நீ போ."

இரண்டாம் தரம் வாசித்து முடிய ஆச்சி கேட்டா: "கிணறு எங்க?"

கிணறு மாமாவுக்கென்று வைத்திருந்த பக்கத்தில் இருந்தது. அதில் அரைப் பங்கும் வழி வாய்க்காலும் சின்னம்மாவுக்கு என்பது பேச்சு. எழுதிய கிளாக்கர் அந்த வரியை விட்டுவிட்டார். நொத்தாரிசு சிரித்தார். "அதுக்கென்னம்மா, பிறகு ஒரு திருத்த உறுதி எழுதலாம்."

"எழுதலாம். நான் கண்ணை மூடினாப் பிறகு மருமகள் கையெழுத்து வைப்பாளோ?"

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஒரு சட்டம் நிறைவேறிப் பத்து வருடம் கழித்தும் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லலாம். இலங்கையில் அது முடியாது. அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரையை வாசியுங்கள். சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும், எந்தக் காரணத்துக்காகவும், கேள்வி கேட்க முடியாது. கேட்பதென்றால் சட்டமூலமாக இருக்கும்போதே கேட்க வேண்டும், அதுவும் எண்ணிக் கொடுத்த சில நாட்களுக்குள். 2024 ஜனவரியில், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 108 க்கு 62 என்று நிறைவேறியது. உயர் நீதிமன்றம் கேட்ட திருத்தங்கள் முழுதாகச் சேர்க்கப்படவில்லை என்று கூச்சல் எழுந்தது. சபாநாயகர் கையெழுத்து வைத்தார், கதை முடிந்தது. பாராளுமன்றம் நினைத்தால் திருத்தலாம் என்பீர்கள். ஓம், மருமகள் கையெழுத்து வைத்தால்.

அந்தச் சில நாட்களையும் வெட்ட 1978 அரசியலமைப்பில் 'அவசர சட்டமூலம்' என்று ஒரு வழி இருந்தது. அமைச்சரவை அவசரம் என்றால் உயர் நீதிமன்றம் 24 மணித்தியாலத்தில், மிஞ்சினால் மூன்று நாளில், தீர்மானம் சொல்லிவிட வேண்டும். 2015 இல் அதை நீக்கினார்கள், 2020 இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2022 இல் மறுபடி நீக்கினார்கள். 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த வழியாகத்தான் வந்தது. அதன் முழுப்பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருக்கும். மூன்று வருடத்துக்குத்தான் என்றார்கள். 1982 இல் அந்த மூன்று வருடக் கணக்கை எடுத்துவிட்டார்கள். 'தற்காலிக' என்ற சொல்லை எடுக்க மறந்துவிட்டார்கள் போல. அந்தச் சட்டத்தால் யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார் வாசலில் காத்திருந்தார்கள் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே கேளுங்கள்.

நீங்கள் வரிசையில் நின்ற நேரம் வேறு, ஒரு சட்டமூலத்தை நாலு பேர் வாசிக்க எடுக்கும் நேரம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கோபப்படுவது படித்த பிள்ளைக்கு அழகில்லை.

சரி, உங்கள் திருத்தம். தாராளமாகக் கொண்டுவரட்டும், நானும் வரவேற்பேன். முதலில் வர்த்தமானியில் போடட்டும், நீங்களும் நானும் வாசிப்போம். போட்டதற்கு மேல் குழுநிலையில் எதையும் செருக வேண்டாம்.

புத்தகம் கேட்டீர்கள். அரசியலமைப்பு தமிழிலேயே இருக்கிறது. 78 முதல் 84 வரை வாசியுங்கள், பிறகு 120 முதல் 123. ஒரு பின்னேரம் போதும்.

அந்த நாலரை பஸ் போய்விட்டது. அடுத்ததைக் காணவில்லை, வீடுவரைக்கும் நடந்தோம். வழி முழுக்க நான் ஆச்சியோடு கதைக்கவில்லை. ஆச்சி அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை, வெற்றிலையைத் துப்பித் துப்பி முன்னால் போய்க்கொண்டிருந்தா.